ஆயிரம் பெண்மக்களின் தாய்: எலைசா அக்னியூ அம்மையார்

உடுவில் மகளிர் கல்லூரியின் பழைய மாணவியர் எங்கே கூடினாலும் எலைசா அக்னியூ அம்மையாரின் பெயர் வராமற் போவதில்லை. ஏறக்குறைய நாற்பது வருடம் பாடசாலையை நடத்தினார், ஒருமுறையேனும் தாயகம் திரும்பவில்லை, ஆயிரம் பெண்மக்களின் தாய் என்று அழைக்கப்பட்டார். இந்த மூன்றையும் கேட்டுக் கேட்டே வளர்ந்தோம். அதற்கு மேல் அவரைப் பற்றிக் கேட்டால் எம்மிற் பலர் விழிப்போம்.

நூற்றாண்டு மலருக்கு ஏதாவது எழுதி அனுப்பும்படி சங்கத்தார் கேட்டபோது, தம்பலகாமத்தில் வாழும் பழைய மாணவியராகிய நாங்கள் சிலர் இந்த வாழ்க்கையையே எடுத்துக்கொண்டோம். அதற்குக் காரணம் உண்டு. கலியாணத்தாலும் உத்தியோகத்தாலும் இங்கே வந்து சேர்ந்தவர்கள் நாங்கள். ஆதி கோணேஸ்வரர் ஆலயத்து மணியோசையோடு விடியும் சைவக் கிராமம் இது. எங்களைப் போன்ற கிறிஸ்தவ வீடுகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அயலவர்களோடு எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. பொங்கலுக்கும் நத்தாருக்கும் தட்டங்கள் போய் வருகின்றன. எங்கள் கவலை வேறு. எங்கள் பிள்ளைகள் தொட்டிலிலிருந்தே வேதக் கதைகளைக் கேட்டவர்கள். தாவீதும் கோலியாத்தும், நல்ல சமாரியனும் அவர்களுக்கு மனப்பாடம். ஆயினும் கேட்டது உள்ளே இறங்கியதா என்று பார்த்தால் ஐயமாக இருக்கிறது. விதைப்பவனைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையில் வழியோர நிலம் ஒன்று வருகிறதல்லவா? எல்லோரும் நடந்து நடந்து இறுகிப்போன நிலம் அது. வேதத்தை ஒருபோதும் கேளாத மனந்தான் வழியோர நிலம் என்று நாங்கள் நினைத்திருந்தோம். மிகுதியாகக் கேட்ட மனமும் அப்படி இறுகலாம் என்பதைப் பிள்ளைகளை வளர்க்கும்போதுதான் காண்கிறோம்.

ஆகவே, ஒரு மனம் எப்படித் திறக்கிறது, அதைத் திறக்க மனிதர் செய்யக்கூடியது ஏதாவது உண்டா என்ற கேள்வியோடுதான் அம்மையாரின் வாழ்க்கையைத் திரும்பப் பார்த்தோம்.

எலைசா அக்னியூ 1807 பெப்ரவரி 2ஆந் திகதி நியூயோர்க் நகரில் பிறந்தவர். அவருடைய மனம் மிஷன் பணிக்குத் திறந்தது தேவாலயத்திலும் அல்ல, வேதபாட வகுப்பிலும் அல்ல, பூமிசாஸ்திர வகுப்பிலே. எட்டு வயதுச் சிறுமியாக இருக்கையில் ஆசிரியை உலகப் படத்தை விரித்து, சுவிசேஷம் சென்ற நாடுகளையும் செல்லாத நாடுகளையும் காட்டினாராம். வளர்ந்ததும் அந்த நாடுகளில் ஒன்றுக்குப் போவேன் என்று அந்தப் பிள்ளை அன்றே தன் மனதில் முடிவு செய்துகொண்டது. அந்தக் காலத்தில்தான், 1815இல், அமெரிக்க மிஷனின் முதற் குழுவினர் இலங்கைக்குக் கப்பலேறினார்கள். அவர்கள் 1816இல் யாழ்ப்பாணம் வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் வேலையைத் தொடங்கினார்கள்.

அந்தச் சிறுமி புறப்பட்டதோ 1839 யூலையில். அப்போது வயது 32. இடையிலே 24 வருடம்! அவ்வளவு காலமும் அவர் எங்கே இருந்தார்? வீட்டிலேதான். அவருடைய பராமரிப்பை நம்பியிருந்த நெருங்கிய உறவினர் இருந்தார்கள். அவர்களைப் பார்த்து, கடைசிவரை உடனிருந்து, அவர்கள் இவ்வுலகை விட்டுப் போன பின்னரே அவர் தம் வழியைப் பார்த்தார். மகத்தான காரியத்துக்கு அழைப்பு வந்துவிட்டது என்று சொல்லி வீட்டுக் கடமையை உதறிவிட்டுப் போகவில்லை. பராமரிக்க வேண்டிய தாய் தகப்பனோடும் மாமியாரோடும் இருக்கிற எம்மைப் போன்றவர்களுக்கு இது ஆறுதலான செய்தி. இருபத்துநாலு வருடம் முளையாமற் கிடந்த விதை கெட்டுப் போகவில்லை.

1840 சனவரியில் அவர் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மணமாகாத பெண்ணொருவர் மிஷனரியாக இலங்கைக்கு வந்தது அதுவே முதல் தடவை. அவர் வந்து இறங்கிய உடுவிற் பாடசாலை அப்போது பதினாறு வருடம் கண்டிருந்தது. அதன் தொடக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். அதில்லாமல் அவருடைய வேலை விளங்காது.

ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். ஆண்பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பப் பெற்றோர் இருந்தனர். பெண்பிள்ளையை அனுப்புவார் இல்லை. படித்த பெண்ணை யார் கட்டுவான், அவள் ஏடு வாசித்து என்ன செய்யப்போகிறாள் என்பதே ஊரின் பேச்சு. மிஷன் வீட்டு முற்றத்தில் விளையாட வரும் இரண்டு சிறுமியரைத் தையலும் சட்டையும் காட்டி வின்ஸ்லோ அம்மையார் மெல்ல மெல்லப் படிப்பின் பக்கம் இழுத்தார் என்றும், ஒருநாள் பெருமழை பிடித்துக்கொள்ள, வீடு திரும்ப முடியாமல் அவர்கள் அங்கேயே சாப்பிட்டுப் படுத்தார்கள் என்றும் பாடசாலையிற் பரம்பரையாகச் சொல்லப்படுகிறது. வேற்றார் வீட்டுச் சோறு உண்டபின் பெற்றோர் என்ன செய்வார்கள்? நீங்களே வைத்திருங்கள் என்று விட்டுவிட்டார்கள். பாடசாலை அப்படியே பிறந்தது. ஒரு மழைதான் எங்கள் கல்லூரியைத் தொடக்கி வைத்தது என்று நாங்கள் பகிடியாகச் சொல்வதுண்டு. வின்ஸ்லோ அம்மையார் 1833இல் உடுவிலிலேயே காலமானார். பின்னர் ஸ்போல்டிங் ஐயரும் அவருடைய மனைவியாரும் பாடசாலையைக் கட்டிக் காத்தனர்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்வது நல்லது. அந்நாளில் பிள்ளைகளுக்குச் சாப்பாடும் உடுப்பும் பாடசாலையே கொடுத்தது. படிப்பை முடித்துக் கிறிஸ்தவ மாப்பிள்ளையை மணக்கும் பெண்ணுக்குச் சிறிய சீதனமும் மிஷன் கொடுத்தது. அமெரிக்காவிலிருந்து செலவைப் பொறுப்பேற்றவர்களின் பெயர்களையே பிள்ளைகளுக்கு வைத்தார்கள். இதனால்தான் யாழ்ப்பாணத்துப் பழைய குடும்பங்களின் வம்சாவளிகளில் முழு அமெரிக்கப் பெயர் தாங்கிய ஆச்சிமாரை இன்றும் காண்கிறோம். சோற்றுக்கும் சீதனத்துக்கும் சமயம் மாறினார்கள் என்ற பழி அந்தக் காலத்திலேயே எழுந்தது. அது முற்றாகப் பொய் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். வாயிலுக்குள் வந்ததற்கான காரணம் சோறாகவும் சட்டையாகவும் இருந்திருக்கலாம். ஆனால் வாயிலுக்குள் வருவது ஒன்று, மனம் திறப்பது வேறொன்று. அக்னியூ அம்மையாரின் வேலை முழுவதும் இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நிலத்திலேதான் நடந்தது.

அவர் வந்தபோது விடுதியில் நூறு பிள்ளைகளளவில் இருந்தார்கள். சில காலத்துள் பாடசாலையின் முழுப் பொறுப்பும் அவர் கைக்கு வந்தது. 1879 வரை அதை அவர் விடவில்லை. வாசிப்பு, எழுத்து, கணக்கு, பூமிசாஸ்திரம், தையல், வேதம் என்று பாடங்கள் நடந்தன. பூமிசாஸ்திரத்தை அவர் எவ்வளவு விருப்பத்தோடு நடத்தியிருப்பார் என்று எண்ணிப் பார்க்கிறோம்.

யாழ்ப்பாணத்து விவசாயமும் தம்பலகாமத்து விவசாயமும் ஒன்றல்ல. இங்கே கந்தளாய்க் குளத்திலிருந்து வாய்க்காலில் தண்ணீர் வருகிறது. வரம்பைக் கட்டி, மடையைத் திறந்துவிட்டால் வயல் நிறைகிறது. உடுவிலில் ஆறுமில்லை, பெருங் குளமுமில்லை. செம்மண் தோட்டத்துக்கு அந்நாளில் ஒவ்வொரு துளித் தண்ணீரையும் கிணற்றிலிருந்து துலாவிட்டு இறைக்க வேண்டும். ஒருவர் துலா மிதிக்க, ஒருவர் பட்டை பிடிக்க, ஒருவர் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாற்றுவார். நாளைக்கும் அதே வேலை, மறுநாளும் அதே வேலை. அக்னியூ அம்மையாரின் ஊழியம் துலா இறைப்புப் போன்றது. கூட்டத்தைத் திரட்டிப் பிரசங்கம் பண்ணி ஒரே நாளில் மனங்களை மாற்றியவர் என்று அவரைப் பற்றி யாரும் எழுதவில்லை. ஒவ்வொரு பிள்ளையாக, ஒவ்வொரு நாளாக அவர் இறைத்தார்.

விடுமுறை வந்தால் மற்றவர்கள் இளைப்பாறுவார்கள். அவர் பழைய மாணவியரைத் தேடிப் புறப்பட்டார். அவர்கள் கலியாணம் முடித்துப் போன ஊர்களுக்குச் சென்று, அவர்கள் வீடுகளிலே தங்கினார். எங்கள் பார்வையில் அவருடைய முழு வாழ்க்கையிலும் முக்கியமான செய்தி இதுவே. பாடசாலைக்குள் விடுதி மணிக்கு எழும்பி, மணிக்குச் செபித்து, மணிக்குப் படுக்கிற பிள்ளையின் மனநிலையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நாங்களும் விடுதியில் இருந்தவர்கள்தானே! எல்லோரும் முழந்தாளிடும்போது நாங்களும் முழந்தாளிட்டோம். கலியாணமாகி, மாமியார் வீட்டில், அடுப்படிப் புகையில், பிள்ளை காய்ச்சலிற் கிடக்கும் இரவில் அவள் எதைப் பிடித்துக்கொள்கிறாள் என்பதிலேதான் உண்மை தெரியும். அம்மையார் அந்த அடுப்படிக்கே போனார். அங்கே போனவர் பரீட்சை வைக்கப் போகவில்லை. மகள் வீட்டுக்குத் தாய் போவதுபோலப் போனார். ஆயிரம் பெண்மக்களின் தாய் என்ற பெயர் பாடசாலையில் அல்ல, இந்தப் பயணங்களிலேதான் உண்மையாயிற்று என்று நாங்கள் நினைக்கிறோம்.

அவரிடம் படித்தவர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டோர். தாய் படித்தாள், மகள் படித்தாள், பேத்தியும் வந்து படித்தாள். அவர் காலத்தில் 600க்கு மேற்பட்ட பெண்கள் கிறிஸ்தவர்களாக அந்தப் பாடசாலையை விட்டு வெளியேறினார்கள். பெரும்பாலோர் கிறிஸ்துவைப் பற்றிக் கேள்விப்படாத வீடுகளிலிருந்து வந்தவர்கள். முழுப் படிப்பையும் முடித்தவர்களில் ஒருவரேனும் கிறிஸ்துவை ஏற்காமல் வெளியேறவில்லை என்று அவரோடிருந்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள்.

இந்தக் கடைசிச் செய்தி எங்களைச் சற்று யோசிக்க வைத்தது. அவ்வளவு பேரும் என்றால், அது மனமாற்றமா, விடுதி வழக்கமா? எங்களுக்குள் இதுபற்றி ஒரு பின்னேரம் முழுவதும் பேச்சு நடந்தது. எல்லோரும் ஏற்கும்போது ஏற்காமலிருப்பது ஒரு பிள்ளைக்குக் கடினம் என்று ஒருத்தி சொன்னாள். அது சரியே. ஆனால் சபையிற் சேர விரும்புகிறவர்களை விசாரித்து, காலம் பார்த்துச் சேர்ப்பதே அந்த மிஷனின் முறை. மேலும் அந்தப் பெண்கள் பிறகு செய்ததைப் பாருங்கள். கிராமப் பாடசாலைகளில் ஆசிரியைகளானார்கள். வீடு வீடாகச் சென்று பெண்களுக்கு வாசிக்கப் பழக்கிய வேதாகமப் பெண்களானார்கள். யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ வீடுகளில், உலைக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடியை எடுத்து ஆண்டவருக்கென்று புறம்பாக வைக்கும் பிடியரிசி வழக்கம் வேரூன்றியது. கையிற் காசில்லாத பெண் கொடுக்கக்கூடியது அவள் அளக்கிற அரிசிதான். ஒருவரும் பாராத அடுப்படியில், நாள்தோறும், தன் பிள்ளைகளின் சோற்றிலிருந்து ஒரு பிடி. இது விடுதி வழக்கத்தால் வராது.

மிஷனரிமார் பலர், தாங்கள் வந்த நிலம் வெறும் கரம்பு என்றே கருதினார்கள். பெண்கள் வாசிக்கத் தெரியாதவர்கள் என்பது உண்மை. ஆனால் வாசிக்கத் தெரியாத அந்தப் பெண்கள் கோயில்களில் புராணபடனம் கேட்டு வளர்ந்தவர்கள். விரதம் என்றால் என்ன, நேர்த்தி என்றால் என்ன, அடியாரைப் பேணுவது என்றால் என்ன என்று அறிந்தவர்கள். ஏற்கெனவே உழவு கண்ட மண் அது. தம்பலகாமத்தில் எங்கள் அயல்வீட்டு ஆச்சிமாரோடு பழகுகிற நாங்கள் இதை நன்றாக அறிவோம். அக்னியூ அம்மையார் இதை எவ்வளவு உணர்ந்திருந்தாரோ, ஆனால் அவருடைய நடத்தை உணர்ந்தவரின் நடத்தையாகவே இருந்தது. எதிர்ப்புறத்தில் நின்றவர்களையும் நாம் மதிக்க வேண்டும். பேர்சிவல் பாதிரியாரோடு வேதாகமத் தமிழ் மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மிஷன் பாடசாலைகளுக்கு அவர் கொடுத்த பதில் பாடசாலையே. அந்தப் போட்டியால் நன்மை அடைந்தவர்கள் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள். அம்மையார் பாடசாலைப் பொறுப்பை விட்ட அதே 1879இல் நாவலர் காலமானார்.

அம்மையாருக்கு வந்த பெரிய சோதனை ஊரிலிருந்து வரவில்லை. தம் சொந்த மிஷனிலிருந்தே வந்தது. 1855இல் அமெரிக்காவிலிருந்து அன்டர்சன் என்பவர் தலைமையில் வந்த குழு, ஆங்கிலக் கல்வி சுவிசேஷத்துக்கு உதவவில்லை என்று முடிவு கட்டியது. வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டது. உடுவிலில் ஆங்கிலம் நிறுத்தப்பட்டது. பிள்ளைகளின் தொகையும் குறைக்கப்பட்டது. பதினைந்து வருடம் பாடுபட்டு வளர்த்ததை மேலிடம் வெட்டிக் குறைக்கும்போது எவருக்கும் மனம் கசக்கும். அம்மையார் பெட்டியைக் கட்டவில்லை. இருந்த பிள்ளைகளோடு, தமிழிலே, வேலையைத் தொடர்ந்தார். அந்த முடிவு சரியல்ல என்பது எங்கள் எண்ணம். பிற்காலத்து வரலாறும் அப்படியே காட்டியது. ஆனாலும் அவருடைய ஊழியத்தின் பிற்பாதி முழுவதும் இந்தக் குறைக்கப்பட்ட பாடசாலையிலேதான் நடந்தது என்பதை மறக்கலாகாது.

நண்பர்கள் ஓய்வுக்குப் போகும்படி பலமுறை வற்புறுத்தினார்கள். தாயகம் போய் வரலாமே என்றார்கள். நேரமில்லை, வேலை கிடக்கிறது என்பதே அவருடைய பதிலாக இருந்தது. 43 வருடத்தில் அவர் ஒருமுறையேனும் அமெரிக்கா திரும்பவில்லை. எல்லோரும் அப்படி இருக்க வேண்டும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஓய்வு எடுப்பது பாவமல்ல. ஆனால் பிறந்த மண்ணை மறுபடி காணாமலே முதுமையடைவது எத்தகையது என்பதை, புலம்பெயர்ந்து கனடாவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் இதை வாசிக்கும் எங்கள் சகோதரிகள் எங்களிலும் நன்றாக அறிவார்கள்.

இலீடியாள் என்ற பெண்ணை அப்போஸ்தலர் நடபடிகளில் வாசிக்கிறோம். ஆற்றங்கரையில் கூடியிருந்த பெண்களோடு பவுல் உட்கார்ந்து பேசினார். இரத்தாம்பரம் விற்கிற அவளுடைய இருதயத்தைக் கர்த்தர் திறந்தார் என்று அங்கே இருக்கிறது. திறந்தவர் கர்த்தர். பவுல் செய்தது, பெண்கள் இருக்கும் இடத்துக்குப் போய் உட்கார்ந்தது. அக்னியூ அம்மையார் செய்ததும் அவ்வளவுதான். ஆனால் அவர் நாற்பது வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார்.

இதை உணர்ந்தபின் எங்கள் வீடுகளில் ஒரு சிறிய மாற்றம் செய்தோம். இரவுச் செபத்தில் பிள்ளைகளுக்கு வேதத்தை விளக்கிச் சொல்வதைக் குறைத்துக்கொண்டோம். அதற்குப் பதிலாக, அன்றைய நாளில் அவர்களுக்கு நடந்ததைக் கேட்கிறோம். பெரியவர்கள் பேசாமல் கேட்டிருப்பது எவ்வளவு கடினம் என்பது செய்து பார்த்தால் தெரியும்! பயன் என்னவென்று சொல்ல இன்னும் காலமாகவில்லை. பெரும்போகம் விதைத்த மாதத்திலேயே சூடு மிதிக்க முடியாது. சில கேள்விகள் மட்டும் பிள்ளைகளிடமிருந்து வரத் தொடங்கியிருக்கின்றன. அயல்வீட்டுப் பிள்ளையோடு சண்டை பிடித்த ஒருவன், அவனே முதலில் அடித்தவனாயிருந்தாலும் நான்தான் போய்ப் பேச வேண்டுமா என்று கேட்டான். மலைப்பிரசங்கத்தை அவன் பலமுறை ஒப்புவித்தவன். அதைக் கேள்வியாக அவன் கேட்டது அதுவே முதல் தடவை.

1879இல் பொறுப்பை ஒப்படைத்த பின்னரும் அம்மையார் யாழ்ப்பாணத்தை விட்டுப் போகவில்லை. கடைசி வருடங்களில் அயலிலுள்ள மானிப்பாயில், மேரி, மார்கரெட் லீச் என்ற மிஷனரிச் சகோதரிகள் இருவரின் வீட்டில் இருந்தார். அங்கே பாரிசவாதத்தால் படுத்த படுக்கையானார். செய்தி ஊர் ஊராகப் பரவ, அவரிடம் படித்த பெண்கள் வந்துகொண்டேயிருந்தார்கள். சின்னப் பிள்ளைகளாக அவர் கைபிடித்து எழுதப் பழகியவர்கள், இப்போது நரைத்த தலையோடு வந்து, தாங்கள் அவரைப் பராமரிக்கிறோம், அருகில் இருக்க விடுங்கள் என்று வேண்டினார்கள். அறை கொண்ட மட்டும் நிறைந்திருந்து பாட்டுப் பாடினார்கள். முன்பு விடுமுறை தோறும் அவர் அவர்களுடைய வீடுகளைத் தேடிப் போனார். இப்போது அவர்கள் அவரைத் தேடி வந்தார்கள்.

முடிவு நெருங்கிய வேளையில், எதற்காகவேனும் விசேஷமாகச் செபிக்க வேண்டுமா என்று உடனிருந்தவர்கள் கேட்டார்கள். தமக்கென்று ஒன்றும் அவர் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்துப் பெண்கள் கிறிஸ்துவிடம் வரும்படி செபிக்கக் கேட்டார்.

1883 யூன் 14ஆந் திகதி, 76ஆவது வயதில், எலைசா அக்னியூ அம்மையார் மானிப்பாயில் உறங்கினார். அடக்க ஆராதனையன்று தேவாலயம் பெண்களால் நிறைந்திருந்தது. எல்லோரும் அவருடைய மாணவிகள்.